ஈரத்துணி மன்றத்தின் தலைவர்

அவளுக்குக் கொக்கி என்று பெயர் வைத்தது எங்கள் முதலாண்டு வேதியியல் வகுப்பு. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கொக்கி போடுவாள். சூடாக்கினால் எல்லாப் பொருளும் விரியும் என்று பேராசிரியர் சொல்லி முடிக்கும் முன், "ஐஸ் உருகினா சுருங்குதே சார்?" என்பாள். பேராசிரியர் கோபமாகச் சிரிப்பார். சில நாள் கோபம் மட்டும் வரும், சிரிப்பு வராது. பட்டப்பெயர் பிடித்திருக்கிறதா என்று அவளிடம் ஒருத்தி கேட்டதற்கு, "என்னைக் கேட்டா வெச்சீங்க?" என்றாள்.

அவள் அப்பா மோட்டார் காயில் கட்டுபவர். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. வார்னிஷ் வாடை அவர் சட்டையை விட்டுப் போனதே இல்லை. அம்மா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிப்பவர். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் இவள். வீட்டிலிருந்து வந்துபோகிற தூரமில்லை. விடுதி இருந்தால் படிப்பு, இல்லையென்றால் இல்லை. சேர்த்துவிட வந்த அன்றே அப்பா இதைச் சொல்லிவிட்டார்.

"ஹாஸ்டல்ல இடம் இருக்கிற வரைக்கும் படி. வெளியில ரூம் எடுத்துத் தங்குறதெல்லாம் நம்ம வீட்டுக்கு ஆகாது."

"ஏன்ப்பா ஆகாது?"

"உங்க பெரியப்பாவை நீ சமாளிக்கிறியா? நான்தானே சமாளிக்கணும்?"

பெண்கள் விடுதிக்கு ஆளுயர மதிலும் இரும்புக் கதவும் உண்டு. மாலை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்குக் கதவே கிடையாது. எப்போதோ இருந்ததற்கு அடையாளமாகத் தூணில் கீல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் பையன்கள் சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டிவைப்பார்கள். எங்களைப் பூட்டுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர். யாரிடமிருந்து? ஆபத்து வெளியே திரிகிறது என்றால் திரிகிறதைப் பிடித்துப் பூட்டுவதுதான் அறிவு. அடிபடக்கூடியவளை உள்ளே அடைத்துவிட்டு அடிக்கக்கூடியவனை உலவ விடுவதற்கு எந்த அகராதியில் பாதுகாப்பு என்று பொருள் எழுதியிருக்கிறது? கொக்கி இதைப் போய் வார்டனிடமே கேட்டாள். வார்டன் அம்மா கெட்டவர் அல்ல, களைத்துப்போனவர். "நான் போட்ட ரூலாம்மா இது? எனக்கும் இதே கேட்தான்" என்றார். அதுவும் உண்மை. அவர் குடியிருந்ததும் மதிலுக்கு உள்ளேதான்.

பூட்டு மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்போம். அந்தப் பல்கலைக்கழகத்தில் பங்கேற்பு என்று ஒரு மந்திரச் சொல் இருந்தது. பாடம் படித்தால் மட்டும் போதாது, வளாக வாழ்க்கையில் கலந்துகொள்ள வேண்டும். நாடக மன்றம், நிழற்பட மன்றம், நட்சத்திரம் பார்க்கிற மன்றம் என்று வகைக்கு ஒன்று உண்டு. அவற்றில் உழைத்தால் பங்கேற்பு மதிப்பெண். நான்காவதான இறுதியாண்டில் பழைய விடுதியைக் காலி செய்துவிட வேண்டும், அவர்களுக்குத் தனிக் கட்டடம். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். எல்லாருக்கும் அறை போதாது. யாருக்கு அறை என்பதைப் பங்கேற்பு மதிப்பெண் தீர்மானிக்கும். "தகுதி, தகுதி மட்டுமே" என்று டீன் ஏறிய மேடையிலெல்லாம் சொல்வார்.

மன்றங்கள் கூடுவது இரவு ஏழு மணிக்கு மேல்.

ஆறரைக்குப் பூட்டப்பட்டவளையும் ஏழு மணிக்குச் சீட்டியடித்துக்கொண்டு போகிறவனையும் ஒரே அளவுகோலால் அளந்தார்கள். அளந்துவிட்டுத் தகுதி என்றார்கள். அந்த இறுதியாண்டுக் கட்டடத்தில் இரு பக்கத்தையும் பிரித்தது ஒட்டுப்பலகைத் தடுப்பு. ஒவ்வோர் ஆண்டும் தச்சர் வந்து ஆணிகளைப் பிடுங்கி, தடுப்பைப் பெண்கள் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி அடித்துவிட்டுப் போவார். பழைய ஆணித் துளைகள் தரையில் வரிசையாகத் தெரியும்.

பெண்களுக்குப் பகலில் கிடைத்த பங்கேற்பு ஒன்றே ஒன்று, வரவேற்புக் குழு. வருகிற விருந்தினருக்கு வாசலில் நின்று பூங்கொத்து கொடுப்பது. கொக்கியும் ஒருமுறை போனாள். கொடுத்துவிட்டு வந்து அமைப்பாளரிடம், "ஏன் சார், ஆம்பளைங்க கையில குடுத்தா பூ வாடிடுமா?" என்று கேட்டாள். அடுத்த முறை அவளைக் கூப்பிடவில்லை.

இரண்டாமாண்டு மழைக்காலத்தில்தான் அந்த யோசனை அவளுக்கு வந்தது. விடுதியின் பின்பக்கத்தில் துணி உலர்த்தும் அறை ஒன்று உண்டு. நீளமான அறை. சுவருக்குச் சுவர் கம்பி கட்டியிருக்கும். சோப்பு வாடையும் ஈர வாடையும் எப்போதும் நிற்கும். நாங்கள் விரிப்புகளைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தோம்.

"நாம வெளிய போக முடியாது, சரி. மன்றம் உள்ள வரலாமில்ல?" என்றாள்.

"வந்து என்ன பண்ணும், துணி மடிக்குமா?"

"பேசும்டி. வாய்க்கு யாரும் இன்னும் கேட் போடலையே."

அப்படிப் பிறந்ததுதான் ஈரத்துணி மன்றம். விதிகளை அவளே வகுத்தாள். தொங்குகிற விரிப்புகளுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. யார் சீனியர், யார் அழகு, யார் கண் கலங்குகிறாள் என்பதெல்லாம் கணக்கில் வராது, வாதம் மட்டும்தான். எதிராளி சொன்னது சரியென்று பட்டால், ஒரு துணிக் கிளிப்பை விரிப்புக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் எறிய வேண்டும். எதிரி கொடுத்த கிளிப்தான் வெற்றி. நண்பர்கள் கைதட்டுவது செல்லாது. பாதியில் கொக்கி கையைத் தட்டினால் இரு கட்சியும் இடம் மாற வேண்டும். அதுவரை எதிர்த்ததை அதன்பின் ஆதரித்துப் பேச வேண்டும்.

"எதிர்க்கட்சி சகோதரி, உங்க பெட்ஷீட் என் வாய்ல ஒட்டுது."

"உண்மை கசக்கும்டி."

"உண்மை இல்லடி, சோப்பு. ஒழுங்கா அலசவே இல்ல நீ."

வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிற ஒருத்தி எங்கள் மாடியில் இருந்தாள். விரிப்புக்குப் பின்னால் நின்றதும் அவள் பேசிய பேச்சில் இந்தப் பக்கமிருந்து கிளிப் மழையாகப் பொழிந்தது. விரிப்பை விலக்கிப் பார்த்தபோது, இரண்டு கையிலும் கிளிப்பை அள்ளி வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். வார்டன் அம்மாவும் நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். துணி காயவே இல்லை என்று ஒரு புகாரும் வந்தது. மழையின் ஈரம் போதாதா, இதில் இத்தனை பேர் மூச்சு வேறு.

மதிப்பெண் வேண்டுமென்றால் மன்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யத் தலைவர் வேண்டும். தலைவர் வாராவாரம் மன்றக் குழுக் கூட்டத்துக்கு நேரில் போக வேண்டும். உறுப்பினர்கள் வந்தார்கள், பேசினார்கள் என்று சான்று கொடுப்பதும் அவர்தான். மன்றக் குழு கூடுவது இரவு எட்டு மணிக்கு. ஆகவே எங்கள் மன்றத்தின் தலைவர், மன்றத்துக்குள் வர முடியாத ஓர் ஆணாகத்தான் இருக்க முடியும்.

யாரை வைப்பது என்பதையும் விவாதம் நடத்தித்தான் முடிவு செய்தோம். பேச்சே வேலையாகக் கொண்டவர்கள் செய்யக்கூடிய தவறு அது. நாடக மன்றத்தில் இருந்த ஒரு வாய்ச்சவடால்காரனை ஒரு கட்சி முன்மொழிந்தது. கொக்கி எதிர்த்துப் பேசினாள். "பேசத் தெரிஞ்சவனை வெச்சா மன்றத்தையே பேசி எடுத்துட்டுப் போயிடுவான். பேசத் தெரியாதவனை வைங்க. நாம எழுதிக் குடுக்கிறதைப் படிச்சுட்டு உக்காந்துடுவான்." கிளிப்புகள் பறந்து வந்து அவள் தலையிலும் தோளிலும் விழுந்தன. அவள் வைத்த வாதங்களிலேயே அதிகம் கிளிப் வாங்கியது அதுதான்.

ஆய்வக மேசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் ஒருவன் இருந்தான். நல்ல பையன். சோதனைக் குழாயைக் கழுவித் தருவான், எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பான். எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பான். அதனால் பெயரே சரிங்க ஆகிவிட்டது. கொக்கி கேட்டாள். "சரிங்க" என்றான்.

ஆய்வகத்தில் எதையாவது காய்ச்சிவிட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவள் அவனைத் தயார் செய்தாள். எழுதிக் கொடுத்ததை முதலில் படித்தான். நாக்கு குழறியது. குழுவில் சிரித்தார்கள். "துணி காயப்போடறதுக்கு ஒரு மன்றமாடா?" என்று கேட்டார்கள். முகம் வாடி வந்து நின்றவனிடம் அவள் சொன்னாள்: "எதிராளி சொல்றதை முதல்ல ஒத்துக்கோ. ஆமா, துணிதான் காயப்போடறோம்னு சொல்லு. அப்ப அவன் அடுத்து அடிக்க ஒண்ணும் இருக்காது. அப்புறம் கொஞ்சம் நிறுத்து. அப்புறம் ஆனான்னு ஆரம்பி. முடிக்கும்போது பதிலா முடிக்காதே, கேள்வியா முடி. அவன்தான் பதில் தேடணும்."

அடுத்த வாரம் யாரும் சிரிக்கவில்லையாம். அதற்கடுத்த வாரம் அவன் எழுதிக் கொடுத்ததைப் பார்க்காமலே பேசினான். ஆண்டு முடிவதற்குள் மன்றக் குழுவில் அவன் எழுந்தால் மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். கொக்கிக்கு அதில் பெருமை. "பாருடி, நம்ம சரிங்க பேசுறான்" என்று எங்களிடம் வந்து சொல்லுவாள். ஈரத்துணி என்ற பெயர் கௌரவமாக இல்லை என்று டீன் அதைச் சொற்சுடர் மன்றம் ஆக்கினார். சரிங்க அதற்கும் சரிங்க என்றிருக்கிறான். நாங்கள் ஈரத்துணி என்றே சொல்லிக்கொண்டோம்.

மூன்றாமாண்டு முடிவில் அறைப் பட்டியல் போட்டார்கள். எங்கள் மன்றத்து உறுப்பினர் ஒருவருக்கும் ஒரு மதிப்பெண்கூட ஏறவில்லை. கொக்கி டீன் அலுவலகத்தில் போய்க் கேட்டாள். அங்கிருந்த எழுத்தர் விளக்கினார். தலைவர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பது விதி. ஆண் தலைவர் பெண்கள் விடுதிக்குள் போய்ப் பார்த்திருந்தால் அது ஒழுங்கு மீறல். பார்க்கவில்லை என்றால் சான்று செல்லாது. எப்படிப் பார்த்தாலும் உறுப்பினர்களுக்கு ஒன்றும் கிடையாது. தலைவருக்கு? "அவர் மன்றக் குழுவுக்கு ஒரு வாரம் தவறாம வந்திருக்காரேம்மா. அவருக்கு முழுசா உண்டு."

ஒரே வழிதான் இருந்தது. மன்றத்தை நடத்தியது கொக்கி என்று சரிங்க டீனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் தலைவருக்கான மதிப்பெண் அவளுக்கு வரும், அறையும் வரும். அவனுக்கு அறை போகும். போனால் என்ன? வளாகத்துக்கு எதிர்த் தெருவில் பையன்கள் சேர்ந்து அறை எடுத்துத் தங்குவது வழக்கம். அவன் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அவனுக்கு அது நடக்கிற தூரம் கூடுகிற விஷயம். அவளுக்கு அது படிப்பே முடிகிற விஷயம்.

"நாளைக்கு டீன் கூப்பிட்டுக் கேப்பாரு. நீ எனக்காகப் பேச வேணாம். நடந்ததைச் சொல்லு, போதும்" என்றாள்.

"சரிங்க" என்றான்.

டீன் அறையில் பெரிய மேசை, அதன் மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் அவர் பலரோடு எடுத்துக்கொண்ட படங்கள். கொக்கியோடு வார்டன் அம்மாவும் நானும் போயிருந்தோம். கொக்கி சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள்.

டீன் அவனைப் பார்த்தார். "என்ன தம்பி, இந்தப் பொண்ணு சொல்றது உண்மையா?"

"உண்மைதான் சார்" என்றான் சரிங்க.

கொக்கி மூச்சு விட்டாள்.

"அந்த ரூமுக்குள்ள நான் ஒரு நாளும் இருந்ததில்ல. பேசினது முழுக்க அவங்கதான். விதிமுறையெல்லாம் அவங்க யோசனைதான். நான் எதையும் மறுக்கல சார்."

பிறகு கொஞ்சம் நிறுத்தினான். அந்த நிறுத்தத்தில்தான் கொக்கியின் முகம் மாறியது. அடுத்து என்ன வரும் என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஆனா சார், ரூமுக்குள்ள பேசினது துணிக்கும் சுவத்துக்கும்தான் கேட்டுது. அதை வெளிய கொண்டுவந்தது யாரு? ஆரம்பத்துல குழுவே கைகொட்டிச் சிரிச்சுது. அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு பதில் சொன்னது யாரு? தலைவர்னா அங்க நிக்கிறவர்தானே சார்?"

ஒத்துக்கொண்டான், நிறுத்தினான், ஆனா என்று ஆரம்பித்தான், கேள்வியாக முடித்தான்.

"அங்க வந்து நான் நிக்க முடியாதபடி கேட்டைப் பூட்டினது யாரு?" என்றாள் கொக்கி.

"அது வேற விஷயம்மா. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே" என்றார் டீன்.

வார்டன் அம்மா தொண்டையைச் செருமினார். "இல்ல சார், நான் வாரா வாரம் உக்காந்து பார்த்தேன். எல்லாமே அந்தப் பொண்ணுதான்…"

"மேடம், உங்க பொறுப்பு கேட்டு. அதை ஒழுங்காப் பாருங்க." டீன் சரிங்கவின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. "என்ன தெளிவா பேசறான் பாருங்க. வந்தப்போ வாயே திறக்க மாட்டான். இதைத்தான் நான் பங்கேற்புன்னு சொல்றேன்."

வெளியே நடைகூடத்தில் சரிங்க எங்கள் பின்னாலேயே வந்தான். "கோவமா? நீதானே விதி வெச்ச, பாதியில இடம் மாறிப் பேசணும்னு. தலைவர் மார்க் போச்சுன்னா எனக்கு மேற்படிப்புக்கு…"

கொக்கி திரும்பினாள். "மூணு வருஷமா எதுக்கெடுத்தாலும் சரிங்கன்னு சொன்ன வாயிடா அது. இன்னிக்கு ஒரு தடவை சொல்லியிருந்தா போதுமே."



அப்பா வந்தார். வேலை செய்த சட்டையோடு, கைவிரல் இடுக்கில் வார்னிஷ் கறையோடு, பெண்கள் விடுதி வாசலில் நின்றார். ஆண்கள் உள்ளே வரக்கூடாது என்பதால் பெட்டியை நாங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தோம். வெளியில் ஓர் ஆண்டு மட்டும், அதுவும் நான் உடன் தங்குகிறேன் என்று கெஞ்சினேன். அவர் கதவைக் காட்டினார். இரும்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எவ்வளவு பெரிய படிப்பு படிச்சவங்க இருக்கிற இடம் இது. அவங்களே ஆறரைக்குப் பூட்டி வெச்சிருக்காங்க. நான் காயில் கட்டறவன். நான் எந்த தைரியத்துல வெளிய விடறது, சொல்லும்மா?"

எல்லாவற்றிலும் கொக்கி போடுகிறவள் இதில் போடவில்லை. பெட்டியை அப்பா கையிலிருந்து வாங்கித் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். பெரியப்பாவின் பிடிவாதத்தை எதிர்த்து வாதாடலாம். அந்தப் பிடிவாதத்துக்குப் பல்கலைக்கழகமே முத்திரை குத்திக் கொடுத்த பிறகு யாரிடம் வாதாடுவது?

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, இப்போது அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முன்மேசையில் இருக்கிறாள். பெயர் கேட்டு, வயது கேட்டு, குழாயில் சீட்டு ஒட்டுகிற வேலை. பட்டம் இல்லாததால் உள்ளே ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கலாம். முடிவு கேட்டு வருகிறவர்களிடம் வேதியியல் பேசினால் மேலாளர், "உனக்கு எதுக்கு அதெல்லாம்" என்பார். கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் தொல்லை இல்லாதவர். அவரைப் பற்றிக் கேட்டால் அவள் சொல்வது அவ்வளவுதான்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவள் தொலைபேசி அடித்தது. ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்துவிட்டு ஒட்டுகிற வேலையைத் தொடர்ந்தாள். எதிர்முனையில் நல்ல கனிந்த குரல்.

"நான்தான், சரிங்க பேசறேன். ஞாபகம் இருக்கா? நம்ம யுனிவர்சிட்டியிலயே டீனா இருக்கேன் இப்ப."

"தெரியும். கேள்விப்பட்டேன்."

"சொற்சுடர் மன்றத்துக்குப் பெரிய விழா எடுக்கறோம். அந்தத் துணி ரூமை அப்படியே நினைவிடமா ஆக்கியாச்சு. பெயின்ட் அடிச்சு, புது பெட்ஷீட் வாங்கிக் கட்டியிருக்கோம்."

"ஈரமாவா?"

"சேச்சே, அலங்காரத்துக்குத்தான். நீ வரணும். நிறுவனர்னு சொல்லி மேடையில உக்கார வைக்கிறேன். உன்னாலதான் எல்லாம்னு நானே சொல்றேன்."

நிறுவனர். அன்று டீன் அறையில் அந்த ஒரு சொல்லுக்கு விலை ஓர் அறை. இன்று இலவசம். ஆகவே தாராளமாகக் கொடுத்தான்.

"விழா எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு. பொண்ணுங்களுக்கு அன்னிக்கு மட்டும் ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கிக் குடுத்திருக்கேன்."

"மத்த நாள்ல?"

கொஞ்சம் நிறுத்தினான். பழைய நிறுத்தம்தான்.

"ஆறரைதான். நீ சொல்றது நியாயம், நான் மறுக்கல. ஆனா பாரு, பெத்தவங்களே அதைத்தானே கேக்கறாங்க? எதுக்கு இப்ப அது, அது வேற விஷயம்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். கோபமாகக்கூட அல்ல. பேருந்து போய்விட்டதைப் பார்க்கிறவள்போல ஒரு முகம்.

வரிசையில் கல்லூரிப் பை மாட்டிய ஒரு பெண் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். கொக்கி அடுத்த சீட்டை எடுத்தாள்.

"பேரு? வயசு? காலையில ஏதாவது சாப்பிட்டியா?"